ஸ்டீவியா கேலஸ்ல இனிப்பே வரல, ஹார்மோனை மாத்தணுமா?

தண்டையார்பேட்டை_பாட்டனி:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு சீனித்துளசி (ஸ்டீவியா) டிஷ்யூ கல்ச்சர், அதான் செடித்துண்டை பாட்டில்ல வளக்குறது, பண்ணின்னு இருக்கேன், எம்எஸ் மீடியால (சத்துக் கலவை) 2,4-டிங்கிற ஹார்மோன் போட்டதும் இலைத்துண்டுலருந்து கேலஸ் (உருவமில்லாத செல் கட்டி) புசுபுசுன்னு வந்துச்சு, ஆனா ஹெச்பிஎல்சி (பொருளைப் பிரிச்சு அளக்குற மெஷின்) ஓட்டிப் பாத்தா இனிப்பு குடுக்குற ஸ்டீவியோசைடோட பீக் இருக்கா இல்லையான்னே தெரியல. காஞ்ச இலைல 5-10 சதவீதம் இருக்கும்னு படிச்சேன். ஜிஏ3 (ஜிப்ரெலின்ங்கிற வளர்ச்சி ஹார்மோன்ல ஒண்ணு) சேத்தா ஏறுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மாதவரம்_லேப்_அக்கா:
தம்பி, நிறைய கேலஸ் வந்தா நிறைய இனிப்பு வரும்னு நினைக்காத. அந்த இனிப்பு தயாராகுற வேலை ஆரம்பிக்கிறதே குளோரோபிளாஸ்ட்டுக்குள்ளதான் (செல்லோட பச்சைப் பகுதி), கௌரீன்ங்கிற இடைப்பொருள் வரைக்கும் அங்க நடக்குது, அப்புறம் வெளிய வந்து ஸ்டீவியால் ஆகி அதுமேல ஒவ்வொரு குளுக்கோஸா ஒட்டி கடைசில வேக்குவோல்ல (செல்லுக்குள்ள இருக்கிற சேமிப்புப் பை) போய் சேருது. 2,4-டி செல்லைப் பெருக்கும், இலையா ஆக விடாது, வெளுத்த கேலஸ்ல குளோரோபிளாஸ்ட்டே ஒழுங்கா இல்லையே, இனிப்பு எங்கருந்து வரும்? கணுத்துண்டு எடுத்து தளிர் வர வைக்கிற பிஏபி ஹார்மோனை லிட்டருக்கு 1 மில்லிகிராம் பக்கத்துல வச்சு தளிர் எடு. அதுக்கு மேல ரொம்ப ஏத்தாத, தளிர் தண்ணி கோத்து கண்ணாடி மாதிரி ஆயிடும், அப்புறம் வெளிய வச்சா பொழைக்காது. வேருக்கு ஐபிஏ ஹார்மோன் போதும்.

பெரம்பூர்_கெமிஸ்ட்ரி:
அக்கா சொன்னது கரெக்ட். ஜிஏ3 பத்தி நான் சொல்றேன் ப்ரோ. செடி தானே தயாரிக்கிற ஜிப்ரெலினும் ஸ்டீவியாலும் கௌரீன்லருந்து வர்ற கௌரினாயிக் ஆசிட் வரைக்கும் ஒரே வழிதான், அங்க 13-வது கார்பன்ல ஹைட்ராக்சில் ஏறினா ஸ்டீவியால், வேற பக்கம் திரும்பினா ஜிப்ரெலின். எனக்கு இந்தச் செடி மேல இவ்ளோ ஆசை வந்ததே இதைப் படிச்சப்புறம்தான், வளர்ச்சியும் இனிப்பும் ஒரே சரக்குலருந்து பிரியுது பாருங்க! ஆனா நீங்க வெளியருந்து ஊத்துற ஜிஏ3 திரும்ப இனிப்பா மாறாது, தண்டுதான் நீளும். வளர்ச்சியைக் குறைக்கிற பாக்லோபியூட்ரசால் போட்டா இனிப்பு பக்கம் திரும்பிடும்னும் கணக்கு போடாதீங்க, அது கௌரீன் ஆக்சிடேஸைத் தடுக்குது, அந்த என்சைம் வழி பிரியறதுக்கு முன்னாடியே வருது, ரெண்டும் அடி வாங்கலாம். ரகத்துக்கு ரகம், டோஸுக்கு டோஸ் ரிசல்ட் மாறும், கண்ட்ரோல் வைக்காம எதுவும் முடிவு பண்ணாதீங்க. ஜிஏ3-ஐ ஆட்டோகிளேவ்ல (நீராவில கிருமி நீக்குற மெஷின்) வைக்காம ஃபில்டர் பண்ணி சேருங்க, சூடு தாங்காது.

வியாசர்பாடி_மாடித்தோட்டம்:
எனக்கு லேப் விஷயம் தெரியாது, மாடில வளக்குறேன். மொட்டு வச்சப்புறம் இலைல இனிப்பு குறையுது, அதுக்கு முன்னாடியே பறிச்சிடுங்க. நம்ம ஏரியா மே மாச வெயில்ல பாட்டில் செடியை நேரா மொட்டை மாடில வைக்காதீங்க, பாலிதீன் கவர் போட்டு தினமும் கொஞ்சம் கொஞ்சமா திறங்க.

தண்டையார்பேட்டை_பாட்டனி:
ரொம்ப தேங்க்ஸ்க்கா, ப்ரோ, அண்ணா. அப்போ கேலஸை கண்ட்ரோலா வச்சுட்டு தளிர், வேரோட இருக்கிற செடி, மூணையும் ஒப்பிடலாமா?

மாதவரம்_லேப்_அக்கா:
தாராளமா. 16 மணி நேர வெளிச்சம் குடு, பகல் குறைஞ்சா சீக்கிரம் பூத்துடும். காஞ்ச எடைக்குதான் கணக்கு போடணும், ஈர எடை ஏமாத்தும். ரெபாடியோசைடு ஏ பீக்கையும் பாரு, ஸ்டீவியோசைடோட இன்னொரு குளுக்கோஸ் சேந்தா அதுதான், கசப்பும் கம்மி.