உப்பு நீரில் சுருங்கும் களிமண் பாலிமர்: எதை மாற்றுவது?

நிபோங் திபால் மாணவி:
வணக்கம். இறுதியாண்டுத் திட்டத்திற்காகப் பெண்டோனைட் களிமண் கலந்த மீஉறிஞ்சு பாலிமரை (தன் எடையைப் போல் பல மடங்கு நீரை உறிஞ்சும் பொருள்)த் தயாரித்து வருகிறேன். அக்ரிலிக் அமிலத்தை எரிசோடாவால் 70 விழுக்காடு நடுநிலையாக்கி, 10 விழுக்காடு களிமண்ணுடன் வினையைத் தொடங்கிவைக்கப் பொட்டாசியம் பெர்சல்பேட்டையும், இழைகளை ஒன்றோடொன்று முடிச்சிடும் குறுக்கிணைப்பிற்கு மெத்திலீன் பிஸ் அக்ரிலமைடையும் சேர்த்து, 70 பாகை செல்சியசில் வினைப்படுத்தினேன். காய்ந்த ஒரு கிராம் தூள், காய்ச்சி வடித்த நீரில் 300 கிராமுக்கு மேல் ஏற்கிறது, 0.9 விழுக்காடு உப்புக் கரைசலில் 40 கிராமோடு நின்றுவிடுகிறது. பத்து காவான் கடலோரத்தில் எடுத்த நீரிலோ பத்தைக்கூடத் தாண்டவில்லை. களிமண்ணைக் கூட்டினால் சரியாகுமா?

பிறைவாசி:
தங்கச்சி, உங்கள் செய்முறையில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. பாலிமர் வலையில் பிணைந்துள்ள, எதிர்மின்னேற்றமுள்ள கார்பாக்சிலேட்டுத் தொகுதிகளை விட்டு விலக முடியாமல் உள்ளே அடைபட்டிருக்கும் சோடியம் அயனிகள்தாம் நீரை இழுக்கின்றன. வெளியிலும் சோடியம் நிறைந்திருந்தால் சவ்வூடு அழுத்த வேறுபாடு (உள்ளும் வெளியும் அயனிச் செறிவு வேறுபடுவதால் நீரை உள்ளிழுக்கும் விசை) குறைந்து அந்த இழுவை தளர்ந்துவிடும். கடல் நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் இன்னும் கொடியவை. அவற்றின் ஒவ்வோர் அயனியும் இரண்டு கார்பாக்சிலேட்டுகளைப் பற்றிக்கொண்டு வலையில் புதிய முடிச்சுகளைப் போடுகிறது. களிமண்ணைக் கூட்டுவது இதற்கு மருந்தாகாது. அளவோடு சேர்த்தால் கூழ் உறுதிபெறும், செலவும் குறையும். மிஞ்சினால் களிமண்ணே கூடுதல் குறுக்கிணைப்பாகி வீக்கத்தைக் கெடுக்கும்.

பாலிக் புலாவ் தோட்டக்காரர்:
ஐயா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் களிமண்ணின் வகையையும் பார்க்க வேண்டும். சோடியம் பெண்டோனைட் நன்னீரில் படலம் படலமாகப் பிரியும். உப்பு நீரிலோ திரண்டு படிந்துவிடும். ஆகவே முதலில் நன்னீரில் ஓரிரவு ஊறவைத்துக் கலக்கிய பிறகே மற்றவற்றைச் சேர்க்க வேண்டும். பேராக்கில் கிடைக்கும் கயோலின் என்னும் வெண்களிமண்ணையும் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். அது அவ்வளவாக வீங்காது.

நிபோங் திபால் மாணவி:
மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் எதை மாற்றுவது?

பிறைவாசி:
அக்ரிலிக் அமிலத்தில் ஒரு பங்கை விலக்கி, மின்னேற்றமற்ற அக்ரிலமைடையோ, சல்போனிக் அமிலத் தொகுதி கொண்ட ஏ.எம்.பி.எஸ். என்னும் மோனோமரையோ (பாலிமரைக் கட்டும் சிறு மூலக்கூறு) சேர்த்துப் பாருங்கள். சல்போனேட்டு, கால்சியத்தோடு அவ்வளவு இறுக்கமாகப் பிணைவதில்லை. நன்னீரில் ஏற்பு குறைந்தாலும் கலங்க வேண்டாம். உங்களுக்கு வேண்டியது உப்பு நீரில் கிடைக்கும் அளவுதானே. சோடியம் குளோரைடிலும் கால்சியம் குளோரைடிலும் தனித்தனியே நைலான் பைச் சோதனை (தூளைப் பையிலிட்டு ஊறவைத்து எடை பார்ப்பது) செய்தால் எது தடை என்பது விளங்கிவிடும். அக்ரிலமைடு நரம்புகளைத் தாக்கும் நஞ்சு. கையுறை அணிந்து புகைபோக்கிக் கூண்டுக்குள் மட்டும் கையாளுங்கள், விளைபொருளையும் பலமுறை கழுவுங்கள்.