மேட்ச் ரைபிளை வைத்துவிட்டு, பொழுதுபோக்குக்குச் சுட எந்தத் துப்பாக்கி?

பத்துமீட்டர்_கோவை:

வணக்கம். எனக்கு மெயின் ஈவென்ட் 10 மீட்டர் ஏர் ரைபிள். கிளப்பில் பி.சி.பி. (சிலிண்டரில் அழுத்தி வைத்த காற்றால் சுடும்) மேட்ச் ரைபிள், ஜாக்கெட், பேன்ட், ஷூ, டயாப்டர் சைட் (சிறு துளை வழியாகக் குறிபார்ப்பது) என்று முழு செட்டப்போடு 60 ஷாட். அது தவிர, வீட்டில் செருப்புக் காலோடு நின்று டின்னையோ சாக்பீஸையோ சுட ஒரு துப்பாக்கி வேண்டும். ஸ்கோர் எழுதப்போவதில்லை.

இடம் வீட்டுக் கொல்லை. மூன்று பக்கமும் மதில், நீளம் 22 மீட்டர். லைசென்ஸ் தேவைப்படாததாக இருக்க வேண்டும். சிலிண்டர், கை பம்ப் எதுவும் வேண்டாம். 20 ஜூல் வரை சக்தியுள்ள ரைபிள்கள் கடையில் கிடைக்கின்றன, அதையே வாங்கலாமா? ஸ்கோப் போடுவதா, ஓப்பன் சைட் (லென்ஸ் இல்லாத சாதாரணக் குறிபார்ப்பான்) போதுமா? மேட்ச் பழக்கம் கெட்டுப்போகுமா? உங்களுக்குப் பிடித்தது எது, ஏன் என்றும் சொல்லுங்கள்.

ஸ்ப்ரிங்கர்_நெல்லை:

எனக்குப் பிடித்தது 7 ஜூல் அளவில் இருக்கும் பிரேக் பேரல் ஸ்ப்ரிங் ரைபிள் (குழலை மடக்கினால் உள்ளே ஸ்ப்ரிங் அழுந்தி நிற்கும்), அதுவும் ஓப்பன் சைட்டோடு. பெயர் சொல்லிக் கேட்டால் வைராக் எச்டபிள்யூ 30எஸ். எடை சுமார் 2.5 கிலோ, அதாவது மேட்ச் ரைபிளுக்கு அனுமதிக்கப்பட்ட 5.5 கிலோவில் பாதிகூட இல்லை. பேரலை மடக்க 10 கிலோவுக்குள்தான் விசை வேண்டும், ஒரே மாலையில் 150 பெல்லட் (ஈயக் குண்டு) சுட்டாலும் தோள் வலிக்காது. டிரிகர் இரண்டு நிலை (முதலில் லேசாக நகர்ந்து நிற்கும், அதற்குமேல் அழுத்தினால்தான் சுடும்), மேட்ச் பழகிய விரலுக்கு எரிச்சல் தராது. முன் சைட் கூண்டுக்குள் இன்சர்ட் மாற்றலாம்: டின்னுக்குக் கம்பம், வட்டமான இலக்குக்கு வளையம். இறக்குமதி விலை கையைக் கடிக்கும் என்றால் உள்நாட்டு ரைபிளிலும் இதே குணங்களைத் தேடுங்கள்: குறைந்த சக்தி, எடை 3 கிலோவுக்குள், இரண்டு நிலை டிரிகர், ஆட்டமில்லாத பேரல் பூட்டு.

20 ஜூல் ஆசையை இந்த இடத்துக்கு விட்டுவிடுங்கள். காரணம் சக்தி மட்டும் அல்ல, அதிர்வு. ஸ்ப்ரிங் ரைபிளில் டிரிகர் விட்டதும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது, ரைபிள் பின்னால் தள்ளுகிறது. பிஸ்டன் போய் முட்டி நிற்கும்போது ரைபிள் முன்னால் இழுக்கிறது. இந்தக் கூத்து நடக்கும்போது பெல்லட் இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது. ஸ்ப்ரிங் பெரிதாகப் பெரிதாக இந்த ஆட்டம் கூடும், பிடியில் வரும் சின்ன மாற்றமும் இலக்கில் பெரிதாகத் தெரியும். 22 மீட்டருக்கு 7 ஜூல் தாராளம்: 0.475 கிராம் பெல்லட்டை நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் அனுப்பும். உங்கள் மேட்ச் ரைபிளின் வேகமும் ஏறத்தாழ அதுதான்.

பிடிக்கும் முறை முற்றிலும் வேறு, இங்கேதான் 10 மீட்டர்காரர்கள் திணறுவார்கள். முன் கையின் உள்ளங்கையைத் திறந்து வைத்து, டிரிகர் கார்டுக்குச் சற்று முன்னால் ரைபிளை அதன்மேல் படுக்க விடுங்கள். விரல்களால் கட்டையை (ரைபிளின் மர உடலை) இறுக்கிப் பிடிக்காதீர்கள். தோளில் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும், கன்னமும் லேசாகத்தான். ரைபிள் தன் போக்கில் குதிக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி குதிக்க வேண்டும். மணல் மூட்டை, மேசை விளிம்பு போன்ற கெட்டியான எதன்மீதும் நேராகச் சாய்த்துச் சுட்டால் குரூப் (துளைகள் சேர்ந்து விழும் கூட்டம்) இடம் மாறிவிடும். பெஞ்சில் வைத்தே ஆக வேண்டுமென்றால் மூட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் உங்கள் கை இருக்கட்டும்.

ஸ்கோப் வேண்டாம் என்பேன். கண் ஏற்கெனவே டயாப்டருக்குப் பழகியிருக்கிறது, ஓப்பன் சைட் அதற்கு நல்ல மாற்றம். கட்டாயம் வேண்டுமானால் ஏர் ரைபிளுக்கென்றே செய்த ஸ்கோப் வாங்குங்கள். சாதாரண ஸ்கோப் பின்னோக்கிய உதையை மட்டும் தாங்கும்படி செய்யப்பட்டது, முன்னிழுப்பில் உள்ளே ரெட்டிகிள் (குறுக்குக்கோடு) கழன்றுவிடும். பாரலாக்ஸை (கண் நகர்ந்தால் குறியும் நகர்வது போலத் தெரிவது) 10 மீட்டருக்குக் கொண்டுவர முடிகிறதா என்று பாருங்கள். மவுன்ட் (ஸ்கோப்பைப் பிடிக்கும் கவ்வி) ஊர்ந்து பின்னால் போகாமல் இருக்க ஸ்டாப் பின் அவசியம்.

கைத்துப்பாக்கி_மதுரை:

மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் ரைபிளிலேயே ஊறியவர் பொழுதுபோக்குக்கும் ரைபிளையே எடுப்பானேன்? என் ஓட்டு சிங்கிள் ஸ்ட்ரோக் ஏர் பிஸ்டலுக்கு. எச்டபிள்யூ 40 அந்த வகை. மேல்பகுதியைத் திறந்து மூடினால் ஒரு ஷாட்டுக்கான காற்று ஏறிவிடும். ஸ்ப்ரிங் இல்லை, அதனால் அதிர்வும் இல்லை. எப்போதும் ஒரே ஒரு முறைதான் பம்ப் செய்கிறோம் என்பதால் வேகம் ஷாட்டுக்கு ஷாட் மாறாது. சுட்ட பெல்லட் எங்கே போனாலும் தவறு கையுடையதுதான்.

8 மீட்டரில் ஒற்றைக் கையால் சாக்பீஸை உடைத்துப் பாருங்கள், மெரினா பலூன் கடையில் நிற்பதைவிடச் சுகம். கவனிக்க வேண்டியது ஒன்று: மூடும்போது மேல்பகுதியைப் பாதியில் விட்டால் அது படாரென்று திரும்பும், விரல் நசுங்கும். காற்றை ஏற்றி வைத்து மணிக்கணக்கில் விடாதீர்கள், சீல் தளரும்.

பயிற்சி_லேன்7:

மேட்ச் பழக்கம் கெடுமா என்ற கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். கெடாது, சில விஷயங்களில் உதவும். பி.சி.பி. ரைபிளில் ஷாட் போன பிறகு அரை நொடி அசையாமல் இருக்காவிட்டாலும் 10 விழுந்துவிடும். ஸ்ப்ரிங் ரைபிள் அந்தச் சலுகையைத் தராது, ஃபாலோ த்ரூ (சுட்ட பிறகும் அசையாமல் நிற்பது) இல்லாத ஷாட்டை உடனே காட்டிக்கொடுக்கும்.

கெடுக்கக்கூடியது டிரிகர்தான். மேட்ச் ரைபிளில் 100 கிராமுக்கும் குறைவான விசைக்குப் பழகிய விரல், 500 கிராம் டிரிகரை அழுத்திப் பழகினால், திரும்பி வரும்போது முதல் நிலையிலேயே ஷாட் போய்விடும். அதனால் போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் பொழுதுபோக்குத் துப்பாக்கியைத் தொடாதீர்கள். ஸ்ப்ரிங் ரைபிளின் டிரிகரை மேட்ச் அளவுக்குக் குறைக்கவும் முயலாதீர்கள். மடக்கிய பேரலோடு பெல்லட் போடும்போது ஸியர் (பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) நழுவினால் பேரல் வேகமாக மேலே வந்து அடிக்கும்: விரல் போகும், பேரலும் வளையும். எப்படிப்பட்ட டிரிகராக இருந்தாலும் பெல்லட் போட்டு மூடும்வரை ஒரு கை பேரலை விடக் கூடாது.

கிளப்பில் வெடிமருந்துத் தோட்டா சுடும் .22 ரைபிள் இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். கிளப் லைசென்ஸில் உள்ளதை அந்த ரேஞ்சுக்குள், பொறுப்பாளர் முன்னிலையில் சுடலாம். வெளியே எடுத்துப்போக முடியாது. 50 மீட்டரில் படுத்துக்கொண்டு சுடுவது காற்றைப் படிக்கக் கற்றுத்தரும். 10 மீட்டர் ஹாலில் அந்தப் பாடமே கிடையாது. இலக்கின் 10 வளையம் 10.4 மி.மீ. விட்டம் கொண்டது. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டா கேளுங்கள், நொடிக்கு 330 மீட்டருக்குள் இருக்கும். ஒலியைவிட வேகமான தோட்டா, போகும் வழியில் ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும்போது தடுமாறும், அதனால் 50 மீட்டர் குரூப் விரியும். டிரிகர் அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் குழல் இலக்கைப் பார்த்தபடியே 30 நொடி காத்திருந்துவிட்டுப் போல்ட்டைத் திறங்கள்.

பத்துமீட்டர்_கோவை:

எல்லோருக்கும் நன்றி. 7 ஜூல் பிரேக் பேரல் என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம். புது ரைபிளில் புகை வரும், குரூப் நிலையாக இருக்காது என்கிறார்களே, எப்போது கவலைப்பட வேண்டும்? பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டியை எப்படிச் செய்வது?

ஸ்ப்ரிங்கர்_நெல்லை:

புது ரைபிளில் கம்ப்ரஷன் சேம்பருக்குள் தொழிற்சாலை எண்ணெய் மிச்சம் இருக்கும். பிஸ்டன் அழுத்தும்போது காற்று சூடேறி அந்த எண்ணெய் பற்றிக்கொள்கிறது. புகையும் வாடையும் அதனால்தான். முதல் 150, 200 ஷாட்டில் தானாக அடங்கும். அதுவரை பெல்லட் ஒப்பீடே செய்யாதீர்கள், முடிவு பொய்யாக இருக்கும். அதற்குப் பிறகும் படார் சத்தத்தோடு வெடித்தால் பிஸ்டனிலிருந்து குழலுக்குக் காற்று போகும் துளை வழியாக யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதையும் அந்தத் துளையில் விடவே கூடாது. சீல் கருகும், ஸ்ப்ரிங் உடையும்.

குரூப் திடீரென்று விரிந்தால் நான் பார்க்கும் வரிசை இது. முதலில் கட்டையின் ஸ்க்ரூக்கள். முன்பக்கம் இரண்டும் டிரிகர் கார்டில் உள்ளதும் அதிர்வில் தளரும், பத்தில் ஏழு எட்டுப் புகார் இதோடு தீரும். கழற்றிச் சுத்தம் செய்து, நீல நிற திரெட் லாக்கர் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி விட்டு இறுக்குங்கள். சிவப்பு வேண்டாம், பிறகு கழற்ற வராது. அடுத்து பேரல் மூட்டு: மூடிய நிலையில் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் அசையவே கூடாது. பிறகு பிரீச் சீல் (பேரல் மூட்டில் காற்றை அடைக்கும் வளையம்). டிஷ்யூ பேப்பர் கீற்று ஒன்றைப் பேரல் மூட்டின் மேல் வைத்து, பெல்லட்டோடு பெட்டிக்குள் சுடுங்கள். கீற்று துள்ளிப் பறந்தால் காற்று கசிகிறது. சீலுக்கு அடியில் மெல்லிய வாஷர் ஒன்று வைத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

பெல்லட் இல்லாமல் சுட்டுப் பார்ப்பது கூடாது. உங்கள் மேட்ச் ரைபிளில் டிரை ஃபயர் தினப் பயிற்சி, அந்தப் பழக்கத்தில் இதிலும் விரல் தானாக டிரிகருக்குப் போகும். பெல்லட் இல்லாவிட்டால் பிஸ்டனைத் தடுக்கும் காற்று மெத்தை இல்லை, இரும்பு இரும்பில் மோதும்.

பெல்லட் மூன்று வகை வாங்கினால் போதும்: மேட்சுக்கு வைத்திருக்கும் 0.53 கிராம் தட்டைத் தலை, ஜேஎஸ்பி எக்ஸாக்ட் ஆர்எஸ் 0.475 கிராம், 0.55 கிராம் அளவில் ஒரு உருண்டைத் தலை. ஒவ்வொன்றிலும் முதல் 10 ஷாட்டைக் கணக்கில் எடுக்காமல், பிறகு 5 ஷாட் கொண்ட நாலு குரூப். தட்டைத் தலை 10 மீட்டரில் அழகாக வட்டத் துளை போடும், 20 தாண்டினால் வேகமும் நிலைப்பும் குறையும். கொல்லையின் கோடியில் சுட உருண்டைத் தலைதான். 10 மீட்டருக்கு சைட் வைத்தால் 22 மீட்டரில் 4 செ.மீ. போலக் கீழே விழும். டின்னுக்குப் பரவாயில்லை, சாக்பீஸுக்கு மேலே பிடிக்க வேண்டும்.

மதில்மேல்_திருச்சி:

பெட்டிக்கு வருகிறேன். 18 மி.மீ. பிளைவுட்டில் 35 செ.மீ. சதுரம், 20 செ.மீ. ஆழம். பின்பலகைக்கு முன்னால் 3 மி.மீ. இரும்புத் தகடு. உள்ளே பழைய டயர் ரப்பர் துண்டுகளையோ பழைய துணியையோ 15 செ.மீ. தடிமனுக்கு அடைத்துத் திணியுங்கள். முன்பக்கம் அட்டை, அதன்மேல் இலக்குத் தாள். அட்டை ஒரே இடத்தில் கிழிந்துகொண்டே போகும், அதை மாற்றாவிட்டால் அடைத்தது சரிந்து தகடு வெளியே தெரியும். வெறும் தகட்டில் நேராகப் படும் ஈயம் துணுக்காகத் திரும்பி வரும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரும் அந்தக் கொல்லையில் நிற்கக் கூடாது, வேடிக்கை பார்ப்பவர் உட்பட. இரும்பு பிபி குண்டு வேண்டவே வேண்டாம், அது எங்கே பட்டாலும் திரும்பும், குழலின் ரைஃப்ளிங்கையும் (உட்புறச் சுருள் வரிகளையும்) தேய்க்கும்.

மதில் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். சற்று மேல்நோக்கிப் போன பெல்லட் 200 மீட்டர் தாண்டியும் விழும். இலக்கை மதிலின் உச்சியில் வைக்காமல் இடுப்புக்குக் கீழே வைத்தால் துப்பாக்கி எப்போதும் தாழ்ந்தே இருக்கும். கொல்லைக் கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சாக்பீஸை நிறுத்தக் களிமண் பட்டை ஒன்று போதும், 10 மி.மீ. தடிமன், 10 மீட்டரில் நல்ல சவால். கண்ணாடி பாட்டில், டியூப்லைட் எதையும் வைக்காதீர்கள். பறவை, அணில் பக்கம் குழல் திரும்பவே கூடாது. 1972 வனவிலங்குச் சட்டம் ஏர் கன்னுக்கு விலக்கு தருவதில்லை.

ஈயத் தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். பெல்லட் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் காபி டம்ளரை எடுக்காதீர்கள். பெட்டியில் சேரும் ஈயத்தைச் சிறுபிள்ளைகள் கைக்கு எட்டாமல் மூடிய டப்பாவில் வையுங்கள்.

லைசென்ஸ் விஷயம்: 2016 ஆயுத விதிகளின்படி .177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட சக்தியும் இருந்தால் தேவையில்லை. .22 ஏர் ரைபிள் அந்த விலக்கில் வராது. வாங்கும்போது அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கிளப்புக்கோ கடைக்கோ எடுத்துப்போனால் உறையில் போட்டு, ரசீது நகலோடு.

பழையமேட்ச்:

ஒன்று சேர்க்கிறேன். உங்கள் கிளப் அலமாரியில் ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் தூங்கிக்கொண்டிருந்தால் கேட்டு வாங்கிச் சுட்டுப் பாருங்கள். அதுவும் ஸ்ப்ரிங் ரைபிள்தான், ஆனால் சுடும்போது மேல்பாகம் முழுதும் தண்டவாளத்தில் சில மி.மீ. பின்னால் நழுவிவிடும், உதை தோளுக்கு வராது. பிஸ்டனில் உலோக வளையம், அதனால் பல வருடம் கிடந்தாலும் பெரும்பாலும் ஓடும். டயானா 75 கிடைத்தால் கொஞ்சம் எச்சரிக்கை. அதில் எதிரெதிராக ஓடும் இரண்டு பிஸ்டன், இரண்டின் பழைய சீலும் வயதானால் பொடிப்பொடியாக உதிரும். சீல் மாற்றியது தெரியாமல் சுடாதீர்கள். மாற்றும்போது இரண்டு பிஸ்டனின் பல்சக்கரமும் சரியான பல்லில் கோக்க வேண்டும், ஒரு பல் தவறினாலும் அதிர்வு திரும்ப வந்துவிடும். பழகிய மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள்.