டிரைவர் இல்லாத கார் முன்னாடி சைக்கிள் ஓட்டுறது சேஃபா?

பெடல்பிரியன்: தினமும் சைக்கிள்ல வேலைக்குப் போறவன் சொல்றேன். நாலு ரோடு சேர்ற இடத்துல நான் முதல்ல பாக்குறது டிரைவர் மூஞ்சியத்தான், அவரு லேசா தலைய ஆட்டினா போவேன், போன நோண்டிட்டு இருந்தா பிரேக்க விட மாட்டேன். சீட்டே காலியா இருந்தா யார் மூஞ்சியப் பாக்குறது?

லைடார்தாசன்: போன நோண்டுறவன்னு நீங்களே சொல்லிட்டீங்களே ப்ரோ 😄 மெஷின் போன் பாக்காது, தூங்காது, குடிச்சிட்டு வராது. கார்ல இருக்குற லைடார்ங்கிற சென்சார் தானாவே லேசர் அடிச்சு அது திரும்பி வர்ற நேரத்த வெச்சு தூரம் அளக்குது, அதனால கும்மிருட்டுலயும் நீங்க தெரிவீங்க.

பெடல்பிரியன்: தெரிஞ்சா போதுமா, என்னன்னு புரிய வேணாமா? 2018 மார்ச்ல அமெரிக்கால அரிசோனா மாநிலம் டெம்பில ராத்திரி சைக்கிளத் தள்ளிட்டு ரோட்ட கிராஸ் பண்ணின அம்மாவ ஊபரோட தானா ஓடுற டெஸ்ட் கார் அடிச்சு அவங்க இறந்துட்டாங்க. விசாரணை அறிக்கையப் படிங்க. மோதுறதுக்கு 5.6 செகண்ட் முன்னாடியே ரேடார்ல தெரிஞ்சிருக்காங்க. ஆனா சாஃப்ட்வேர் அவங்கள கார்ங்குது, அப்புறம் வேற ஏதோங்குது, அப்புறம் சைக்கிள்ங்குது, ஒவ்வொரு தடவை பேர மாத்தும்போதும் அதுவரைக்கும் எப்படி நகர்ந்து வந்தாங்கங்கிறத அழிச்சிட்டு முதல்லேர்ந்து கணக்குப் போடுது. போதாததுக்கு வால்வோ கார்ல கம்பெனி வெச்ச ஆட்டோ பிரேக்க வேற ஆஃப் பண்ணி வெச்சிருந்தாங்க.

லைடார்தாசன்: அந்தக் கார்ல கண்காணிக்க ஒரு ஆள் உக்காந்திருந்தாங்க, அவங்க போன்ல ஷோ பாத்துட்டு இருந்தாங்கன்னும் அதே அறிக்கைல இருக்கு, அத மட்டும் வசதியா விட்டுட்டீங்க.

பெடல்பிரியன்: விடல. தூங்காத மெஷினுக்கு ஏன் காவலுக்கு ஆளுன்னுதான் கேக்குறேன்.

கியர்இல்லாதவன்: நடுவுல வரேன் மன்னிக்கவும். 2015ல அமெரிக்கால ஆஸ்டின் ஊர்ல நடந்தது தெரியுமா? நாலு பக்கமும் ஸ்டாப் போர்டு, கூகுளோட தானா ஓடுற கார் நிக்குது, அங்க ஃபிக்ஸட் கியர் (சக்கரம் சுத்தினா பெடலும் கூடவே சுத்துற) சைக்கிள்காரர் கால கீழ ஊனாம கொஞ்சம் முன்னாடி கொஞ்சம் பின்னாடின்னு பேலன்ஸ் பண்ணிட்டு இருக்காரு. அவரு அசைஞ்சா கார் டக்குனு நிக்குது, அவரு நின்னா கார் மெல்ல நகருது, திரும்ப அசையுறாரு திரும்ப நிக்குது. ரெண்டு நிமிசம் இதே கூத்து, உள்ள இருந்தவங்க சிரிச்சிட்டே லேப்டாப்ல ஏதோ தட்டுறாங்க. கடைசில அந்த ஆள், மனுசன் ஓட்டுற கார விட இதுகிட்ட சேஃபா ஃபீல் ஆச்சுன்னு எழுதினாரு. நானும் அந்த மாதிரி நிக்குற ஆளுதான், எத்தன பேரு ஹார்ன் அடிச்சு திட்டியிருப்பாங்க!

லைடார்தாசன்: 👆 இதத்தான் சொல்ல வந்தேன்.

பெடல்பிரியன்: சரி, நின்னுச்சு. 2024 பிப்ரவரில சான் ஃபிரான்சிஸ்கோல என்னாச்சு? வேமோங்கிற கம்பெனியோட டிரைவர் இல்லாத கார் ஸ்டாப் போர்டுல நின்னுச்சு, எதிர்ல வந்த லாரி கிராஸ் பண்ணுச்சு, நம்ம டர்ன் வந்துருச்சுன்னு கிளம்புச்சு, லாரிக்குப் பின்னாடி ஒட்டி வந்த சைக்கிள்காரர் இடது பக்கம் திரும்பினாரு, இடிச்சிருச்சு. பெரிய லாரி போனா வால்ல ஒருத்தன் தொத்திட்டு வருவான்னு ஒரு கால் செகண்ட் தயங்குவோம்ல, அது ரோட்ல அடிபட்டு வர்ற புத்தி.

லைடார்தாசன்: அவருக்கு லேசான காயம்தான், முழுசா தெரிஞ்சதும் கார் பிரேக் அடிச்சிருக்கு. மறைவுல வர்றவர மனுசனும்தான் இடிப்பான், எல்லாரும் உங்கள மாதிரி தயங்குறாங்களா என்ன?

பெடல்பிரியன்: தயங்க மாட்டாங்க, ஒத்துக்குறேன். ஆனா ஒருத்தன் தயங்குறானா இல்லையான்னு எனக்கு மூஞ்சிலயே தெரியும். நான் கை நீட்டுறத உங்க கார் படிக்கும்னே வெச்சுக்குவோம், அது என்ன நினைக்குதுன்னு நான் எதப் படிக்கிறது?

லைடார்தாசன்: அதுக்கும் லைட் வருது ப்ரோ. மெர்சிடஸ் தானியங்கி மோடுல ஓடும்போது எரியுற டர்க்காய்ஸ் (நீலப்பச்சை) கலர் லைட்டுக்கு 2023 டிசம்பர்லயே கலிஃபோர்னியாவுலயும் நெவாடாவுலயும் அனுமதி வாங்கிட்டாங்க.

பெடல்பிரியன்: அந்த லைட் தானா ஓடுறேன்னு ஊருக்கே சொல்லுது. உன்னப் பாத்துட்டேன், நீ போன்னு எனக்குச் சொல்லுதா?

லைடார்தாசன்: இப்போதைக்கு இல்ல.

கியர்இல்லாதவன்: அப்போ ரெண்டு நிமிசம் ஆடிக்கிட்டேதான் நிக்கணும் போல 😂