இரும்பு டானிக் குழந்தையின் குடலைக் கெடுக்குமா?

தோட்டத்து அம்மா:
என் பையனுக்கு எட்டு மாதம். காங்கேயத்துக்கு உள்ளடங்கிய ஊர், தோட்டத்து வீடு. பிறந்தபோது எடை 2.3 கிலோதான். நர்ஸம்மா தந்த இரும்பு டானிக்கை மூன்று வாரமாக நாள் தவறாமல் 1 மில்லி, ஆறின பசும்பாலில் கலந்து கொடுக்கிறோம். மலம் கறுப்பாகிவிட்டது. நான்கு நாளாக இளக்கமாகவும் போகிறான். காய்ச்சல் இல்லை, தவழ்ந்து விளையாடுகிறான். தாய்ப்பாலோடு ராகிக் கூழும் அங்கன்வாடி சத்துமாவுக் கஞ்சியும் சாப்பிடுகிறான். "மருந்துதான் வயிற்றைக் கெடுத்துப்போட்டது, நிறுத்து" என்கிறார் மாமியார். இரும்பு கொடுத்தால் குடலில் கெட்ட பாக்டீரியா பெருகும் என்று வீட்டுக்காரர் போனுக்கும் ஒரு செய்தி வந்தது. நிறுத்திவிடவா? எடை குறைந்து பிறந்த பிள்ளை என்பதால் நிறுத்தவும் பயமாக இருக்கிறது.

நுண்ணுயிரியல் மாணவன், கோவை:
அந்தச் செய்தி முழுப் பொய்யில்லை அக்கா. கென்யாவின் கிராமக் குழந்தைகளுக்கு நாலு மாதம் தினமும் இரும்பு கலந்த சத்துப்பொடியைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2015-இல் வந்தது. ஈ.கோலை போன்ற கெட்ட பாக்டீரியாக்கள் கூடின, குடலில் அழற்சியும் தெரிந்தது. காரணம் இதுதான்: உடம்பு உறிஞ்சாத இரும்பு பெருங்குடலுக்கு இறங்குகிறது. நோய்க்கிருமிகள் பலவற்றுக்கு இரும்பு தீனி. தாய்ப்பாலின் சர்க்கரைகளைத் தின்று வாழும் பிஃபிடோ என்ற நல்ல பாக்டீரியாவுக்கு இரும்பு அவ்வளவாகத் தேவையில்லை. தாய்ப்பாலில் உள்ள லாக்டோஃபெரின் என்ற புரதம், இரும்பைப் பிடித்துவைத்துக் கெட்டதுகளுக்குக் கிடைக்காமல் செய்கிறது. 2017-இல் வந்த இன்னொரு கென்யா ஆய்வில், பொடியோடு நல்ல பாக்டீரியாவுக்கான ஒருவகைச் சர்க்கரையையும் சேர்த்தபோது இந்தக் கெடுதல் குறைந்தது. அதனால் தாய்ப்பாலை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற கிராம செவிலியர்:
தம்பி சொன்னது சரி. ஆனால் அம்மிணி, "நாள் தவறாமல்" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் திக்கென்றது. 1 மில்லியில் 20 மில்லிகிராம் இரும்பு. அது வாரத்துக்கு இரண்டே நாள் கொடுப்பது. அந்த 50 மில்லி பாட்டில் ஆறு மாதத்துக்கு வரவேண்டியது. பசும்பாலில் கலப்பதும் கூடாது, பால் இரும்பை உறிஞ்சவிடாது. உறிஞ்சாத மிச்சமெல்லாம் கீழேதான் இறங்கும், தம்பி சொன்ன அதே கதை. ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குப் பசும்பாலை ஊற்றாமல் இருப்பதே நல்லது.

மலம் கறுப்பது இரும்பு உள்ளே போனதன் அடையாளம், அதற்குப் பயப்படாதீர்கள். ரத்தம் தெரிந்தால், தொட்டால் தார்போல ஒட்டினால், பிள்ளை சோர்ந்தால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். வயிற்றுப்போக்கு நிற்கும்வரை டானிக் வேண்டாம். தாய்ப்பாலும் ஓஆர்எஸ்ஸும் கொடுங்கள். நாளைக் காலை பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாளாகத் திரும்ப ஆரம்பியுங்கள், ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்த பிள்ளை இரும்பைச் சேமித்துக்கொண்டு வந்திருக்காது. மசித்த பருப்புச் சாதத்தில் நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்து ஊட்டுங்கள், இரும்பு நன்றாகச் சேரும்.

தோட்டத்து அம்மா:
படித்ததும் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன் அம்மா, பாதி நெருங்கிவிட்டது. வாரம் இரண்டு நாள் என்று நர்ஸம்மா வீட்டுக்காரரிடம் சொல்லித்தான் கொடுத்தாராம், அது என் காதுக்கு வரவில்லை. இன்று காட்டிவிட்டு வந்தோம். நீர்ச்சத்து குறையவில்லை என்றார்கள். ஓஆர்எஸ் பொட்டலமும் 14 நாளைக்கு ஜிங்க் மாத்திரையும் தந்தார்கள். வயிறு சரியானதும் டானிக்கைத் தொடரச் சொன்னார் டாக்டரம்மா. மாமியாரும் கூட வந்து எல்லாவற்றையும் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் நாள்காட்டியில் புதனுக்கும் சனிக்கும் அவரே வட்டம் போட்டுவிட்டார்.