மகா லாக்டோவைக் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?

கிருஷ்ணகிரி, பழையபேட்டை

போன வாரம் அக்கா மகளின் பிறந்தநாளுக்கு சாக்லேட் வாங்கப் போனேன். ஏதோ நினைப்பில் "தம்பி, மகா லாக்டோ இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். கடைப் பையனுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. அப்புறம் மனசு கேட்காமல் பழையபேட்டையில் நாலு கடை, ரவுண்டானா பக்கம் மொத்தக் கடை இரண்டு ஏறி இறங்கினேன். ஒருவர் மட்டும் "அதெல்லாம் வர்றது நின்னு எவ்வளவோ வருஷம் ஆச்சும்மா" என்றார். எனக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது.

எங்கள் வீட்டில் அது கடையில் வாங்கும் பொருளே இல்லை. அப்பா லாரி ஓட்டினார். மாங்காய் சீசனில் இங்கிருந்து பெங்களூரா மாங்காய் ஏற்றிக்கொண்டு குப்பம், பலமனேர் வழியாக சித்தூருக்குப் போவார். நம் ஊரிலும் மாங்கூழ் ஃபேக்டரிகள் இருக்கின்றன, ஆனால் எங்கே விலை கூடுதலோ அங்கேதானே லோடு போகும். மகா லாக்டோ செய்த நியூட்ரின் கம்பெனி 1952-இல் தொடங்கியது அந்த சித்தூரில்தான். அதனால் திரும்பி வரும்போது ஒரு பாக்கெட் மகா லாக்டோ கட்டாயம் இருக்கும். ராத்திரி எத்தனை மணியானாலும் லாரி சத்தம் கேட்டு நாங்கள் மூன்று பேரும் எழுந்துவிடுவோம். அந்தப் பாக்கெட்டில் மாங்காய்ப் பால் வாடை அடிக்கும், டீசல் வாடையும் அடிக்கும், பிரித்து வாயில் போட்டால் அதெல்லாம் போய், சுண்டக் காய்ச்சின பால் அடியில் லேசாகப் பிடிக்கும்போது வருமே, அந்த மணம் மட்டும் நிற்கும். கடிக்கக் கூடாது. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் பள்ளிக்கூட வாசல் வரை வரும்.

முறையாகச் சொன்னால் அது சாக்லேட் இல்லை, பால் டாஃபி. நம் பக்கம் காகிதம் சுற்றி வந்ததெல்லாம் சாக்லேட்தான். அசல் சாக்லேட் 34 டிகிரி சூட்டிலேயே இளகிவிடும், நம் சித்திரை வெயிலில் ஃப்ரிட்ஜ் இல்லாத பெட்டிக்கடையில் அதை எப்படி வைப்பது? சர்க்கரையும் பாலும் சேர்த்துக் காய்ச்சிய டாஃபி கண்ணாடி பாட்டிலுக்குள் தாங்கும். எங்கள் தலைமுறைக்கு சாக்லேட் ருசி என்றால் அதுதான்.

உங்களில் யாருக்காவது கடைசியாக எங்கே கிடைத்தது? சொல்லுங்கள்.

பாலக்கோடு

எங்கள் தாத்தா மளிகைக்கடை வைத்திருந்தார். எட்டணா சில்லறை இல்லாவிட்டால் ஒரு மகா லாக்டோ எடுத்துக் கொடுப்பார், எல்லாக் கடையிலும் அதுதானே வழக்கம். ஒருநாள் தெருக்கோடிப் பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து எட்டு சாக்லேட்டைப் பலகை மேல் வைத்து ஒரு சோப்பு கேட்டார். "சில்லறைன்னுதானேப்பா குடுத்த, நானும் சில்லறையாத்தான் தர்றேன்." தாத்தா மறுபேச்சு பேசாமல் எண்ணி வாங்கி பாட்டிலில் போட்டுவிட்டு சோப்பைக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் மேல் எனக்கு இருக்கும் மரியாதையில் பாதி அந்த ஒரு நாளில் வந்தது.

2011 ஜூன் 30-உடன் நாலணா செல்லாமல் போனது. எட்டணா இன்றும் சட்டப்படி செல்லும், ஆனால் கடையில் நீட்டினால் யார் வாங்குகிறார்கள்? அந்தக் காசுகள் போன பிறகு காசுக்கு விற்ற சாக்லேட்டுகளும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன என்பது என் எண்ணம். தாத்தா கடையில் கடைசி பாட்டில் காலியானது எந்த வருஷம் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை, அதுதான் உறுத்துகிறது.

போச்சம்பள்ளி

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அம்மா புளி விற்றுவிட்டு வாங்கித் தருவார். ஆனால் நான் சாப்பிட்டது மகா லாக்டோவா, பாரீஸ் லாக்டோ கிங்கா என்று இப்போது குழப்பமாக இருக்கிறது. இரண்டும் பால் டாஃபிதான். பாரீஸ் மிட்டாய் நெல்லிக்குப்பத்தில் செய்தது, 2004-இல் அந்தக் கம்பெனியை கொரியாவின் லோட்டே வாங்கியது. எங்கள் சந்தைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் சரக்கு வந்தது. அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

கிருஷ்ணகிரி, பழையபேட்டை

போச்சம்பள்ளிக்காரருக்கு: லாக்டோ கிங்கும் எங்கள் தெருக் கடையில் இருந்தது. என் தம்பி அந்தக் கட்சி. நியூட்ரினும் இப்படித்தான் கை மாறியது, 2006-இல் கோத்ரெஜ் வாங்கியது, அதன்பின் அமெரிக்காவின் ஹெர்ஷி கம்பெனியோடு கூட்டு, 2012-இல் முழுக்க ஹெர்ஷியிடம் போனது.

பாலக்கோட்டு சோப்புக் கதையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். அவர் லாரியை விட்டு ஒன்பது வருஷமாகிறது, ஆனால் சித்தூரில் அந்தப் பாக்கெட்டை எந்தக் கடையில் வாங்கினார், அதற்கு எதிரே என்ன இருந்தது என்பதெல்லாம் அப்படியே சொல்கிறார்.

குப்பம், பலமனேர் பக்கம் போகிறவர்கள் சின்னக் கடைகளில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஒரு பாக்கெட் கிடைத்தாலும் போதும், பணம் அனுப்பிவிடுகிறேன். அப்பாவுக்கு சர்க்கரை இருக்கிறது, ஒன்றே ஒன்று கொடுப்பேன்.