மறு: 'ஃபியூரியஸ் டிரைவிங்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

'ஃபியூரியஸ் டிரைவிங்' என்ற பழைய ஆங்கிலச் சட்டச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள். அதற்கு 'சினவோட்டம்' வேண்டாம் என்பது என் கருத்து. குதிரைவண்டிக் காலத்து இங்கிலாந்துச் சட்டத்தில் 'ஃபியூரியஸ்' ஓட்டுபவரின் கோபத்தைக் குறிக்கவில்லை. குறுக்கே யார் வந்தாலும் பொருட்படுத்தாத மூர்க்கத்தைக் குறித்தது. 'அதிவேக ஓட்டம்' என்றால் பொருள் சுருங்கிவிடும். வேகம் அதில் ஒரு பகுதிதான்.

'தறிகெட்ட ஓட்டம்' அழகான சொல். ஆனால் அது பழியைக் குதிரைமேல் போடுகிறது. அக்காலக் கேலிச்சித்திரங்கள் அப்படிச் செய்யவில்லை. உயர்ந்த இருக்கையும் பெரிய பின்சக்கரங்களும் கொண்ட 'ஃபேட்டன்' வண்டி எளிதில் கவிழும். சூரியனின் தேரைக் கேட்டு வாங்கி, குதிரைகளை அடக்கத் தெரியாமல் உலகைத் தீக்கிரையாக்கிய கிரேக்கப் புராண இளைஞனின் பெயரையே அதற்கு வைத்தார்கள்! சாரதியை ஒதுக்கிவிட்டுச் செல்வந்தர்கள் தாமே கடிவாளம் பிடிப்பது அன்றைய நாகரிகம். ஆங்கிலேயக் கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே 1801இல், வண்டியோட்டும் மோகம் கொண்ட செல்வந்தர் டாமி ஆன்ஸ்லோவை வரைந்தபோது, வண்டி ஓட்டுவதைத் தவிர இவருக்கு வேறென்ன தெரியும் என்று கேலி செய்தார். 1808இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கானிங்கையே அந்தச் சூரியத் தேரில் ஏற்றிவிட்டார். கண்மண் தெரியாமல் ஓட்டுவது, நாட்டை நடத்துவதற்கே உருவகமாகிவிட்டது. அதே காலத்துக் கேலிச்சித்திரக்காரர் ரௌலண்ட்சனின் கவிழும் வண்டிகளையும் சேர்த்துப் பார்த்தால், இவர்கள் குறி வைத்தது கடிவாளம் பிடித்த கையைத்தான் என்பது புரியும்.

ஓட்டம் குதிரையுடையது, ஓட்டுகை மனிதனுடையது. எனவே 'மூர்க்க ஓட்டுகை' என்று முன்மொழிகிறேன்.

'முரட்டுச் சாரத்தியம்' பற்றியும் யோசித்தேன். ஆனால் 'ஃபியூரியஸ் டிரைவிங்'கைக் குற்றமாக்கும், இங்கிலாந்தின் 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 2017இல் லண்டனில் மிதிவண்டி ஓட்டிய ஒருவர் அதன்கீழ் தண்டிக்கப்பட்டார். சொல்லுக்குள் தேரோ குதிரையோ இருந்தால் அவருக்குப் பொருந்தாது. 2024 வரை நடைமுறையில் இருந்த நம் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279ஆம் பிரிவு 'ரேஷ் டிரைவிங்' என்றது. நாளிதழ்களில் வரும் 'அஜாக்கிரதையாக ஓட்டி' அதற்கே இருக்கட்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம்.

இன்னொன்று: கில்ரேயின் படங்களைக் 'கருத்துப்படம்' என்று பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். 'கார்ட்டூன்' என்ற சொல்லுக்கு இன்றைய பொருள் வந்ததே 1843இல், லண்டன் நகைச்சுவை இதழான 'பஞ்ச்'சால். கில்ரே செப்புத்தகட்டில் செதுக்கியவை, கையால் வண்ணம் தீட்டி, கடையில் தனித்தாளாக விற்கப்பட்டவை. அவற்றுக்குக் 'கேலிச்சித்திரம்' என்றே போடுங்கள்.

'மூர்க்க ஓட்டுகை'க்கு மறுப்பு இருந்தால், மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.