டாக்காவ் முகாமிலிருந்து உயிரோடு வந்த குருக்கள் அப்புறம் என்ன செய்தார்கள்?

பழையபுத்தகப்பித்தன் கேட்டது:

டாக்காவ் வதைமுகாமில் நாஜிகள் கிறிஸ்தவக் குருக்களுக்கென்றே தனிக் கட்டடத் தொகுதிகள் வைத்திருந்தது பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். அங்கேயே இறந்தவர்களைப் பற்றி நிறைய கிடைக்கிறது. அப்படி இறந்த டச்சுக் குரு தீத்துஸ் பிராண்ட்ஸ்மாவுக்கு 2022-ல் புனிதர் பட்டமே கொடுத்துவிட்டார்கள். ஆனால் 1945 ஏப்ரல் 29 அன்று அமெரிக்கப் படை உள்ளே வந்தபோது எலும்பும் தோலுமாக மிஞ்சியிருந்தார்களே, அவர்கள் கதை என்ன? அதற்குப் பிறகும் பூசை வைத்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு, சாதாரணப் பங்குத்தந்தையாக வாழ முடிந்ததா? வணக்கத்துக்குரிய கதைகள் வேண்டாம், அன்றாடம் எப்படிப் போனது என்று தெரிந்தால் போதும்.

ஓரத்துவாசகி:

ஆதாம் கொஸ்வொவியெட்ஸ்கி பற்றித் தேடிப் பாருங்கள். போலந்து சேசு சபைக் குரு. 1937-ல் குருப்பட்டம், 1939 நவம்பரில் கிராகோவில் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ கைது செய்தது, பிறகு ஆஷ்விட்ஸ் முகாம், 1940 டிசம்பரிலிருந்து டாக்காவ். ஆக, குருவாக இரண்டு வருடம், கைதியாக ஐந்தரை வருடம். 1941 செப்டம்பருக்குப் பிறகு போலந்துக் குருக்களுக்கு முகாம் சிற்றாலயத்தில் நுழையவே அனுமதி இல்லை, ஜெர்மானியக் குருக்களுக்கு மட்டும்தான். அதனால் தோட்ட வேலைக்கு ஓட்டிச் செல்லும்போது, யாராவது ஒளித்துக் கொண்டுவந்த அப்பத்துண்டையும் சில சொட்டுத் திராட்சை ரசத்தையும் வைத்து, களை பிடுங்குகிற மாதிரி குனிந்தபடியே பூசை முடித்திருக்கிறார்கள்.

விடுதலையான மறு வருடமே, 1946-ல், வட ரொடீசியாவுக்கு, அதாவது இன்றைய ஜாம்பியாவுக்குப் போய்விட்டார். அங்கே போலந்து சேசு சபையினரின் மறைப்பணித் தளத்துக்கு ஆள் தேவைப்பட்டது, போகச் சொன்னார்கள், போனார். நீங்கள் கேட்கிற அன்றாடம் அங்கே பெரும்பாலும் பள்ளிக்கூட நிர்வாகம்தான். 1959-ல் லுசாகாவின் பேராயர் ஆனார்.

எனக்கு அவரிடம் பெரிதாகப் படுவது முகாமில் பிழைத்தது அல்ல, 1969-ல் செய்ததுதான். ஜாம்பியா 1964-ல் சுதந்திரம் அடைந்துவிட்டது, இனி அந்த மண்ணின் ஆள்தான் பேராயராக இருக்க வேண்டும் என்று தானாகவே பதவி விலகினார். அப்போது 58 வயதுதான். விலகியவர் போலந்துக்கும் போகவில்லை, கிராமப்புற மறைப்பணித் தளங்களில் சாதாரணக் குருவாக வேலை செய்யப் போய்விட்டார்.

சும்மாஒருவன்:

பேராயர் பதவியை விட்டதைத் தியாகம் என்று தூக்கிப் பிடிக்க வேண்டுமா? அந்தக் காலத்தில் ஆப்பிரிக்கா முழுக்க வெள்ளைக்கார ஆயர்கள் இடம்விட்டுக் கொண்டுதானே இருந்தார்கள்? முகாமில் பட்ட காயத்தால் அதிகாரமே கசந்துபோய் விட்டிருக்கலாம் என்றும் தோன்றுகிறது.

ஓரத்துவாசகி:

காலம் அப்படித்தான், சரி. ஆனால் விலகிய பிறகும் அதே நாட்டில், தான் ஆண்ட மறைமாவட்டத்துக்குப் பக்கத்திலேயே இன்னொருவருக்குக் கீழே முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்ய எத்தனை பேருக்கு மனம் வரும்? கசப்பு என்பது உங்கள் ஊகம், எனக்கு அதற்கு ஆதாரம் தெரியவில்லை. 1998-ல் கர்தினால் ஆக்கினார்கள், அப்போது 86 வயது. 80 தாண்டினால் திருத்தந்தைத் தேர்தலில் வாக்கு கிடையாது, ஆக வெறும் மரியாதைதான். 2007-ல் லுசாகாவிலேயே இறந்தார்.

மழைக்காகிதம்:

எல்லோரும் கண்காணாத தேசத்துக்குப் போகவில்லை. ஹெர்மன் ஷைபர்ஸ் என்ற ஜெர்மானியக் குரு, போலந்துக் கட்டாயத் தொழிலாளர்களோடு பழகினார், அவர்களுக்கு ஆன்மிகப் பணி செய்தார் என்பதற்காக 1940-ல் பிடிபட்டவர். டாக்காவில் நோயாளிகளை விஷவாயுவுக்கு அனுப்பும் பட்டியலில் அவர் பெயர் வந்தபோது, இரட்டைச் சகோதரி பெர்லினில் அதிகாரிகளிடமே நேராகப் போய் வாதாடிக் காப்பாற்றினார். போருக்குப் பிறகு பழைய மறைமாவட்டத்துக்கே திரும்பினார். அது கிழக்கு ஜெர்மனி ஆகிவிட்டது, இந்த முறை அங்கத்திய ரகசியப் போலீஸான ஸ்டாசி பின்தொடர்ந்தது! 2016-ல் 102 வயதில் இறந்தார்.

பழையபுத்தகப்பித்தன்:

இருவருக்கும் நன்றி. போலந்துக்கே திரும்பியவர் யாராவது?

மழைக்காகிதம்:

கஸிமியெஷ் மைதான்ஸ்கி. அப்போது குருமாணவர்தான், 1945-ல் விடுதலைக்குப் பிறகுதான் குருப்பட்டம். டாக்காவில் காலில் சீழ்க்கிருமி செலுத்திப் பரிசோதனை செய்யப்பட்டவர். கம்யூனிஸ்ட் ஆட்சியிலேயே ஆயர் ஆனார். 1975-ல் அந்த முகாம் மருத்துவர் மீது மியூனிக்கில் வழக்கு நடந்தபோது சாட்சி சொல்லப் போனார், மன்னித்துவிட்டதாகவும் சொன்னார். மன்னித்தாலும் சாட்சியைப் பூசி மெழுகவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார்.